ரேடிகலின்னா 'ரொம்ப'ன்னு அர்த்தமா?

தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறாராம், கோச்சிங் சென்டர் டெஸ்ட்ல "பெட்ரோல் ப்ரைஸ் ஹேஸ் ரேடிகலி இன்க்ரீஸ்டு"ன்னு எழுதியிருக்கார், சார் அந்த ரேடிகலிய சுழிச்சு மேல டிராஸ்டிகலின்னு எழுதி அரை மார்க் கொறச்சிருக்கார். டிக்‌ஷனரில ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தந்தானே போட்டிருக்கு, அப்புறம் எப்படித் தப்பு, ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்னு கேள்வி.

சார் அடிச்சது சரி தம்பி. பதிலுக்குப் போட்டது பாதி சரி, அதுக்குக் கடைசில வரேன். நான் இருபது வருஷத்துக்கு மேல இங்கிலீஷ்லேர்ந்து தமிழுக்கு மாத்துற வேலைதான் பாக்குறேன், இந்த ஒரு வார்த்தையால நானே ஒரு தடவ நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

டிக்‌ஷனரிய தள்ளி வச்சுட்டு சீமைக்கருவேலத்துலேர்ந்து ஆரம்பிப்போம். எங்க சித்தப்பா நிலம் முதுகுளத்தூர் பக்கம், ரெண்டு வருஷம் வெதைக்காம விட்டதுல முழுக்கக் கருவேலம் மண்டிப்போச்சு. முதல்ல கரிமூட்டம் போடுறவங்கள விட்டு வெட்டச் சொன்னார். அவங்க ஒரு வாரத்துல மொத்தத்தையும் வெட்டி அடுக்கிட்டாங்க, வெட்டவெளியாப் போச்சு, ரோட்லேர்ந்து பாத்தா கடைசி வரப்பு தெரியுது, ஊர்ல எல்லாரும் "என்னய்யா நிலமே தெரியுது"ன்னாங்க. ஐப்பசி மழை பெஞ்சுச்சு. வெட்டின ஒவ்வொரு தூர்லேர்ந்தும் எட்டு பத்து கெளை பச்சப்பசேல்னு கெளம்பி வந்துருச்சு, முன்னாடி ஒத்த மரமா இருந்தது இப்ப பொதரா நிக்குது, அடுத்த வருஷம் ஆளு உள்ள நுழைய முடியல. கரிக்காரங்களுக்கு அது தெரிஞ்ச கதைதான், மூணு நாலு வருஷம் கழிச்சுத் திரும்ப வெட்டலாம்ல. அதுக்கப்புறம்தான் ஜேசிபிய விட்டுத் தூரோட பேத்து எடுத்தார். அதுக்குச் செலவும் ஜாஸ்தி, நிலமும் குண்டுங்குழியுமா ஆயிருச்சு, ஆனா பேத்த எடத்துல பழைய மரம் திரும்ப வரல. (மண்ணுல கெடந்த வெதை மொளச்சது, அது வேற வழக்கு.)

முதல் தடவ நடந்தது டிராஸ்டிகலி. ரெண்டாவது தடவ நடந்தது ரேடிகலி.

கண்ணுக்குத் தெரிஞ்ச மாத்தத்த வச்சுப் பாத்தா முதல் தடவதான் பெருசு, ஒரே வாரத்துல காடு காணாமப் போச்சு. ஆனா மாத்தம் எவ்ளோங்கிறத ரேடிகலி சொல்லல. எது வரைக்கும் எறங்குச்சுங்கிறதத்தான் சொல்லுது. இந்த ஒண்ணு மனசுல நின்னா பாக்கி எல்லாம் தானா வந்துரும், ஏன்னா அந்த வார்த்தைக்குள்ளயே வேர் ஒக்காந்திருக்கு. லத்தீன்ல ரேடிக்ஸ்னா வேர். அதுலேர்ந்து ரேடிகல், வேரைச் சேர்ந்த. அதுலேர்ந்து ரேடிகலி, வேர் மட்டத்துல. மார்க்கெட்ல வாங்குற முள்ளங்கி இருக்கே, ராடிஷ், அதுவும் இதே ரேடிக்ஸ்தான். பயாலஜில வெதை மொளைக்கும்போது முதல்ல எட்டிப் பாக்குற முளைவேருக்கு ரேடிக்கிள்னு பேரு, அதுவும் இதே குடும்பம். மேத்ஸ்ல வர்க்கமூலத்துக்குப் போடுற அந்த டிக் மார்க் மாதிரி குறிக்கு இங்கிலீஷ்ல ரேடிகல் சைன்னு பேரு. நம்மாளுங்க அத வர்க்கமூலம்னு சொல்றாங்க பாருங்க, மூலம்னாலும் வேர்தான், மூலிகைல இருக்கிற அதே மூலம். ப்ளஸ் டூ லேப்ல உப்பு அனாலிசிஸ் பண்ணி ஆசிட் ரேடிகல், பேசிக் ரேடிகல்னு கண்டுபிடிச்சு எழுதினோமே, அந்தப் பேரும் இங்கேர்ந்து போனதுதான், 18-ம் நூற்றாண்டு கடைசில பிரெஞ்சு கெமிஸ்ட்டுங்க வச்சது, ஒரு அமிலத்துக்கு வேரா இருக்கிற பகுதிங்கிற நெனப்புல. ஆனா ரேடியோ, ரேடியேஷன், ரேடியம் இதையெல்லாம் இந்தக் கூட்டத்துல சேத்துராதீங்க, அது ரேடியஸ்லேர்ந்து வருது, வண்டிச்சக்கரத்து ஆரக்கால், கதிர்ங்கிற அர்த்தம். பாக்க ஒரே மாதிரி இருக்கும்.

டிராஸ்டிகலியோட பொறப்பு வேற, கேட்டா சிரிப்பீங்க. கிரேக்கத்துல 'செய்'ங்கிற வினையிலேர்ந்து வந்தது, டிராமாவும் அதே வினைதான். இங்கிலீஷுக்குள்ள அது நுழைஞ்சது 17-ம் நூற்றாண்டுல வைத்தியர்ங்க வாய் வழியா, அதுவும் பேதி மருந்துக்கு அடைமொழியா. டிராஸ்டிக் பர்கேடிவ்னா கொடலப் புரட்டி எடுக்கிற பேதி மருந்து. நம்ம சித்த வைத்தியத்துல சுத்தி பண்ணாம, அதாவது நச்ச எடுக்காம, தொடவே கூடாதுன்னு சொல்ற நேர்வாளம் இருக்கே, அதோட எண்ணெய் அந்த லிஸ்ட்ல முக்கியமானது. ஒரு சொட்டு உள்ள போனா என்ன நடக்கும்னு ஊர்ப் பெரியவங்கள கேளுங்க. ஆக டிராஸ்டிகலின்னா வேகம், கடுமை, "என்ன இப்படி ஆயிருச்சு"ன்னு திடுக்குன்னு வர்ற அளவு. வயித்த காலி பண்ணும், நோயோட வேரை எடுத்துச்சாங்கிறது வேற கேள்வி.

இந்த வித்தியாசத்த இதவிட சுத்தமாக் காட்டுற எடம் மலேரியா. என் தாய்மாமா மலேரியா வொர்க்கரா இருந்து ரிட்டயர் ஆனவர், சைக்கிள்ல வீடு வீடாப் போயி காய்ச்சல்காரங்க வெரல்ல குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடில தேய்ச்சு அனுப்புற வேலை. அவர் பைல இருக்கிற நோட்ல பி.டி., ஆர்.டி.ன்னு ரெண்டு காலம் இருக்கும், சின்னப்பையனா இருந்தப்ப எனக்கு அது பி.டி. வாத்தியார்னுதான் தோணும். பி.டி.ன்னா ப்ரிசம்ப்டிவ் ட்ரீட்மென்ட், டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே சந்தேகத்துக்கு அப்பெல்லாம் குடுத்த குளோரோகுயின் மாத்திரை. ஆர்.டி.ன்னா ரேடிகல் ட்ரீட்மென்ட், ரிசல்ட் பாசிட்டிவ்னு வந்தப்புறம் குடுக்கிறது. வைவாக்ஸ் வகை மலேரியால குளோரோகுயின் ரத்தத்துல இருக்கிற கிருமிய நல்லாவே கொல்லும், ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் விட்டுரும், ஆளு எழுந்து வேலைக்குப் போயிருவான். ஆனா கிருமில ஒரு பங்கு கல்லீரல்ல போயி தூங்கிக்கிட்டிருக்கும், அது மேல குளோரோகுயின் படாது. சில வாரமோ சில மாசமோ கழிச்சு எந்தக் கொசுவும் புதுசாக் கடிக்காமலே காய்ச்சல் திரும்ப வரும். அந்தத் தூங்குற கிருமிய எடுக்கத்தான் ப்ரைமாகுயின், இப்ப 14 நாள் கணக்கு, எல்லாருக்கும் குடுத்துற முடியாது, டாக்டர் பாத்துத்தான் குடுக்கணும். காய்ச்சல் டிராஸ்டிகலி கொறைஞ்சது குளோரோகுயின்ல, நோய் ரேடிகலி போனது ப்ரைமாகுயின்ல. டாக்டருங்க இத ரேடிகல் க்யூர்னு சொல்றதுல அலங்காரமே கெடையாது, வார்த்தைக்கு வார்த்தை வேர்.

அந்த டிபார்ட்மென்ட் பேரையும் பாருங்க. 1953-ல ஆரம்பிச்சப்ப நேஷனல் மலேரியா கன்ட்ரோல் ப்ரோக்ராம். நல்லாப் போகுதேன்னு 1958-ல கன்ட்ரோல எடுத்துட்டு இராடிகேஷன்னு மாத்துனாங்க. இராடிகேட்ல இருக்கிறதும் அதே ரேடிக்ஸ்தான், வேரை வெளிய எடுக்கிறது. நம்ம நிர்மூலம் அப்படியே அச்சு அசலா அதே வார்த்தை, நிர் பிளஸ் மூலம். யாரும் யார்ட்டயும் காப்பி அடிக்கல, வெவசாயம் பண்ண எல்லா சனத்துக்கும் களை எடுத்த அனுபவம் ஒண்ணுதான்.

ஆஸ்பத்திரி பேச்சு வந்ததால இன்னொண்ணு. மார்புப் புத்துநோய் ஆபரேஷன் முடிஞ்ச டிஸ்சார்ஜ் சம்மரில மாடிஃபைடு ரேடிகல் மாஸ்டெக்டமின்னு இருக்கும், எங்க சொந்தத்துலயே ஒரு அத்தைக்கு அப்படி எழுதியிருந்ததப் பாத்துட்டு "ரேடிகல்னு போட்டிருக்கே, ரொம்ப முத்திருச்சாடா"ன்னு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணாங்க. முத்துனதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல அத்தைன்னு சொல்லி, வில்லியம் ஹால்ஸ்டட் கதையச் சொன்னேன். 1890கள்ல அமெரிக்கால பால்டிமோர்ல இருந்த சர்ஜன். புத்துநோய் ஒரே எடத்துலேர்ந்து வேர் விட்டுப் பரவுது, அதனால மார்பு, அதுக்குக் கீழ நெஞ்சுச் சதை, அக்குள் நிணக்கட்டி எல்லாத்தையும் ஒரே கட்டியா எடுத்துட்டா நோய் வேரோட போயிரும்னு நம்புனார், அதனாலதான் ரேடிகல்னு பேரு வந்துச்சு. முக்கால் நூற்றாண்டு ஒலகம் பூரா அதத்தான் பண்ணாங்க, பொம்பளைங்க கையத் தூக்க முடியாமக் கஷ்டப்பட்டாங்க. 1971-ல பெர்னார்ட் ஃபிஷர்ங்கிற இன்னொரு அமெரிக்க சர்ஜன் ஆரம்பிச்ச பெரிய ட்ரயல்ல நெஞ்சுச் சதைய எடுத்தாலும் எடுக்காட்டியும் உயிர் பொழைக்கிறதுல வித்தியாசம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. மாடிஃபைடுன்னா அந்தச் சதைய விட்டுட்டு மீதிய எடுக்கிறது. ஹால்ஸ்டட் வேர்னு நெனச்ச எடத்துல வேர் இல்ல, ஆனா பேரு மட்டும் பேப்பர்ல தங்கிருச்சு. அத்தை இதெல்லாம் கேட்டுட்டு "சரி, தூங்கு"ன்னு வச்சுட்டாங்க.

இப்ப நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதை. ஒரு பத்திரிகை ஆபீஸ்ல நைட் டெஸ்க்ல இருந்தப்ப, ஒரு வெளிநாட்டு கிரிக்கெட் ப்ளேயர் பேட்டி வந்துச்சு, அப்பா ஆனதுக்கப்புறம் வாழ்க்கையப் பத்தின என் பார்வை ரேடிகலி மாறிருச்சுங்கிறார். ஏஜென்சி செய்தில ரேடிகல்னு வந்தா கை தானா 'தீவிரவாத'ன்னு அடிக்கிற காலம் அது, நாளைக்கு பத்து செய்தி அப்படித்தான் வரும். நானும் தூக்கக் கலக்கத்துல "தந்தையான பிறகு தீவிரவாதக் கருத்துகளுக்கு மாறிவிட்டதாக அவர் கூறினார்"னு அடிச்சு அனுப்பிட்டேன். சீஃப் சப், அதாவது செய்தியத் திருத்துற டெஸ்க்குக்குத் தலைவர், கூப்புட்டார். "ஏம்ப்பா, கைக்கொழந்தையப் பாத்து எவனாவது தீவிரவாதி ஆவானா?" "ராத்திரி பூரா அழுதா ஆவான் சார்"னேன், அப்ப எனக்கும் வீட்ல ஆறு மாசக் கொழந்தை. அவர் சிரிக்கல. செவப்பு பேனாவால தீவிரவாதத்த அடிச்சுட்டு 'அடியோடு'ன்னு ஒரே வார்த்தை எழுதுனார். அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சுது, இத்தன நாளா ரேடிகலுக்கு அகராதில தேடிக்கிட்டிருந்த வார்த்தை எங்க ஆத்தா வாய்ல தெனமும் வர்ற வார்த்தைன்னு. அடின்னா மரத்தோட அடி. அடியோடு மாறிட்டான்னா வேர்ப்பக்கத்துலேர்ந்து மாறிட்டான்.

தமிழ்ல இதுக்கு ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூடை இருக்கு, ஆனா எல்லாம் எல்லா எடத்துலயும் ஒக்காராது. அடியோடு மறந்துட்டேன், அடியோடு நிறுத்திட்டார், அடியோடு மாறிப்போச்சு, இதுங்க சரி. வேரோட, தூரோடன்னா பிடுங்கு, சாய், பேத்தெடுன்னு ஏதாவது கையால பண்ற வினை வேணும். கோவம் ஏறிட்டா வேரடி மண்ணோட. பூண்டோடன்னா அழிக்கிறதுக்கு மட்டுந்தான், "பூண்டோடு மாற்றினார்"னு யாரும் சொல்றதில்ல. ரேடிகலி டிஃபரன்ட்னு வந்தா அடியோடு கொஞ்சம் ஒட்டாது, அடிப்படையிலேயே வேறன்னு வச்சா கச்சிதமா இருக்கும். முற்றிலும்னு போடுறது சோம்பேறித்தனம், அது கம்ப்ளீட்லிக்கான வார்த்தை, தப்புன்னு சொல்ல முடியாது ஆனா வேர் காணாமப் போயிரும். ரொம்பப் பேரு தலைகீழான்னு போடுறாங்க, அது இன்னும் மோசம், தலைகீழான்னா இருந்ததுக்கு நேர் எதிரா ஆகுறது, ரேடிகலி மாறுன எல்லாமே எதிர்த் திசைல போகணும்னு இல்லயே.

அப்ப 'தீவிர'ங்கிற அர்த்தம் எங்கேர்ந்து ஒட்டுச்சு? அதுக்கு இங்கிலாந்து பார்லிமென்ட்டுக்குப் போகணும். 1797-ல சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ்ங்கிற எம்.பி. ரேடிகல் ரிஃபார்ம் வேணும்னு பேசுனார், தேர்தல் முறைய வேர்லேர்ந்து மாத்தணும்னு. அப்ப இருந்த நெலம அப்படி. மான்செஸ்டர்ல மில்லு மில்லா எழும்புது, சனம் குமியுது, அந்த ஊருக்குன்னு ஒரு எம்.பி. கூடக் கெடையாது. ஓல்ட் சாரம்னு ஒரு எடம், புல்லு மொளச்ச மேடு, ஆளே குடியில்ல, அதுக்கு ரெண்டு எம்.பி. அந்தத் தொகுதி ஒரு குடும்பத்துச் சொத்தா தலைமுறை தலைமுறையாக் கை மாறிச்சு, எந்தக் குடும்பம்னா பிட் குடும்பம், அத வாங்கிப் போட்ட தாமஸ் பிட் வேற யாரும் இல்ல, 1698-லேர்ந்து 1709 வரைக்கும் நம்ம மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டைல கவர்னரா இருந்தவர், மெட்ராஸ்ல வாங்குன ஒரு வைரத்த பிரான்ஸ் அரச குடும்பத்துக்கு வித்துக் கோடீஸ்வரரானவர். சரி, வழி மாறிட்டேன். இந்த மாதிரி தொகுதிங்களத் தூக்கணும்னு கேட்டவங்களுக்கெல்லாம் ரேடிகல்ஸ்னு பேரு விழுந்துச்சு, 1832-ல ரிஃபார்ம் ஆக்ட் வந்து ஓல்ட் சாரம் ஒழிஞ்சது. வேரை மாத்தணும்னு கேக்குறவன் ஆட்சில இருக்கிறவனுக்கு எப்பவும் ஆபத்தானவனாத்தான் தெரிவான், அதனால வார்த்தைல காரம் ஏறிக்கிட்டே வந்து, இன்னைக்குப் பேப்பர்ல ரேடிகலைஸ்டுன்னா வெடிகுண்டு ஞாபகம் வர்ற அளவுக்கு வந்து நிக்குது. நம்ம நாட்டு அரசியல் சிந்தனையாளர் எம்.என். ராய் 1940-ல கட்சி ஆரம்பிச்சப்ப ரேடிகல் டெமாக்ரடிக் பார்ட்டின்னு தைரியமாப் பேரு வச்சார், இன்னைக்கு யாராவது வச்சா போலீஸ்காரர் வந்து விசாரிச்சுட்டுத்தான் போவார். கலிஃபோர்னியால அலைச்சறுக்கு பசங்க இதையே ராட்னு சுருக்கி 'செம'ங்கிற அர்த்தத்துல வச்சுக்கிட்டது தனிக் கூத்து.

நல்ல விஷயம் என்னன்னா, அந்தக் காரம் ரேடிகல்ங்கிற பெயர்ச்சொல்லுக்கும் பெயரடைக்கும் ஒட்டுன அளவுக்கு ரேடிகலிக்கு ஒட்டல. "ஹி ஈஸ் அ ரேடிகல்"னா ஆளு தீவிரம். "ஹி ஹேஸ் ரேடிகலி சேஞ்ச்டு"ன்னா ஆளு அடியோடு மாறிட்டார், குடிகாரர் குடிய விட்டிருக்கலாம், சாமியே கும்பிடாதவர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கலாம். நான் தப்புப் பண்ணது இங்கதான்.

இப்ப ரெண்டு வார்த்தையையும் ஒரே காலத்துல பக்கத்துல வச்சுக் காட்டுறேன். 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னாங்க. அடுத்த நாள்லேர்ந்து சனத்துக் கைல இருந்த காசு டிராஸ்டிகலி கொறைஞ்சுது, ஏடிஎம் வாசல்ல நின்னவங்களுக்குத் தெரியும். ஆனா அது தங்கல, புது நோட்டு வர வர புழக்கத்துல இருக்கிற பணம் பழைய அளவுக்கு வந்து அதையும் தாண்டிப் போயிருச்சு. அதே 2016-லதான் யுபிஐயும் வந்துச்சு, யாரும் பெருசாக் கண்டுக்கல. இன்னைக்கு எங்க தெருமுனைல எளநி வெட்டுற அக்கா அரிவாள் கைய எடுக்காம, தள்ளுவண்டில தொங்குற அட்டையக் கண்ணால காட்டுறாங்க, டப்பா "நாப்பது ரூபாய்"னு கத்துது, அவங்க திரும்பிக்கூடப் பாக்காம அடுத்த காயச் சீவுறாங்க. சில்லறை இல்லன்னு மிட்டாய் குடுக்கிற வழக்கம் போச்சு, நாளைக்குத் தரேன்னு சொல்ற வசதி போச்சு. சின்னச் சின்ன வியாபாரத்துல காசு கை மாறுற விதம் ரேடிகலி மாறிருச்சு. முதல்ல சொன்னது கண்ணுக்குப் பயங்கரமாத் தெரிஞ்சுது, ரெண்டாவது சத்தமே இல்லாம நடந்துச்சு. ரேடிகலிக்குச் சத்தம் கட்டாயம் இல்ல, இது ரொம்பப் பேருக்குப் பிடிபடாத விஷயம்.

அதே மாதிரி, ஊரே பேசுன மாத்தம் எல்லாம் ரேடிகலும் இல்ல. 1978-ல எம்.ஜி.ஆர். ஆட்சில பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்த அமல் பண்ணாங்க, பழைய துதிக்கை வச்ச லை, ளை, ணை, னை போயி இப்ப இருக்கிற வடிவம் வந்துச்சு, ணா, றா, னாவும் அதோட ஒகர ஓகார வரிசையும் சேத்து 13 எழுத்து. பெரியார் முப்பதுகள்லயே தன் பத்திரிகைல ஆரம்பிச்சு வச்சதுதான், ஏகப்பட்ட சண்டை சச்சரவு. ஆனா பழைய எழுத்துல படிச்ச என் தாத்தா புது பேப்பர அன்னைக்கே படிச்சார், நானும் அவர் வச்சிருந்த பழைய புஸ்தகத்தத் தட்டுத்தடுமாறிப் படிச்சுட்டேன். எழுத்தோட அடிப்படை எதுவும் மாறல. துருக்கில 1928 நவம்பர்ல அந்த நாட்டு ஜனாதிபதி அட்டாடர்க் ஒரு சட்டம் போட்டார், அரபி எழுத்த எடுத்துட்டு லத்தீன் எழுத்து, 1929 ஜனவரி 1-லேர்ந்து புஸ்தகம் எல்லாம் புது எழுத்துலதான் அச்சாகணும். வலப்பக்கத்துலேர்ந்து எழுதுனவங்க எடப்பக்கத்துலேர்ந்து எழுத ஆரம்பிச்சாங்க, அடுத்த தலைமுறைக்குத் தாத்தா எழுதி வச்ச கடுதாசியப் படிக்கத் தெரியல. அங்க ரேடிகலின்னு கண்ண மூடிட்டுப் போடலாம். நம்மளுதுக்குப் போட்டா மிகைப்படுத்துறதா ஆயிரும்.

மிகைப்படுத்துறதுன்னதும் ஆபீஸ் இங்கிலீஷ் ஞாபகம் வருது. நான் கொஞ்ச நாள் குப்பை கொட்டுன ஒரு கம்பெனில வருஷா வருஷம் டவுன்ஹால் மீட்டிங் போட்டு "வீ ஆர் ரேடிகலி ட்ரான்ஸ்ஃபார்மிங்"னு மேனேஜ்மென்ட் பேசும், மறுநாள் போய்ப் பாத்தா ஐடி கார்டு கயிறு நீலத்துலேர்ந்து ஆரஞ்சா மாறியிருக்கும். இப்படி எல்லாத்துக்கும் அள்ளித் தெளிச்சு தெளிச்சு வார்த்தை நீத்துப்போச்சு, இன்னைக்கு இங்கிலீஷ்காரங்களே ரேடிகலி டிஃபரன்ட்ங்கிறத 'ரொம்ப வேற மாதிரி'ங்கிற அளவுக்குத்தான் பல நேரம் சொல்றாங்க, டிக்‌ஷனரியும் நடக்கிறதத்தானே எழுதும். அதனாலதான் நீங்க பாத்தப்ப ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரிஞ்சிருக்கு. ஆனா நீத்துப்போன வார்த்தைலயும் பழைய வாசனை இருக்கும் தம்பி, அது எந்த வினையோட சேரும், எதோட சேராதுங்கிறதுல அது தெரிஞ்சுரும்.

ரேடிகலி சேர்றது மாறுதல் வினைங்களோட. சேஞ்ச், ஆல்டர், ட்ரான்ஸ்ஃபார்ம், ரீதிங்க், ரீஷேப், ரீஸ்ட்ரக்சர். பெயரடைன்னா டிஃபரன்ட், நியூ. ஒரு பொருளுக்கு உள்ளமைப்புன்னு ஒண்ணு இருந்து அது மாறணும். டிராஸ்டிகலி சேர்றது அளவு வினைங்களோட, ரெட்யூஸ், கட், டிக்லைன், ட்ராப், அதாவது மீட்டர் வச்சு அளக்கக்கூடிய எதுவும், முக்கியமா கீழ எறங்குறது. சேஞ்சோட மட்டும் ரெண்டும் வரும், அங்கதான் ஆளுங்க கொழம்புறது. "த க்ளைமேட் சேஞ்ச்டு டிராஸ்டிகலி"ன்னா பெருசா, கடுமையா மாறிச்சு. "த லா சேஞ்ச்டு ரேடிகலி"ன்னா சட்டத்தோட அடிப்படையே மாறிச்சு. ஃபண்டமென்டலின்னு இன்னொண்ணு இருக்கு, அஸ்திவாரத்துலேர்ந்துன்னு அர்த்தம், ரேடிகலிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன், அது மாத்தம் இல்லாத எடத்துலயும் வரும், "ஃபண்டமென்டலி ஹானஸ்ட்"னா அடிப்படைல நேர்மையானவர். அந்த எடத்துல ரேடிகலி போட்டீங்கன்னா மூஞ்சிக்கு நேரா எல்லாத்தையும் பட்டுன்னு போட்டு ஒடைக்கிற ஆளுங்கிற மாதிரி ஆயிரும், இப்ப ஐடி பக்கம் அது ஒரு ஃபேஷனாவும் ஓடுது.

வெரி ரேடிகலின்னு எழுதாதீங்க, வேரோட பிடுங்குனப்புறம் 'ரொம்ப வேரோட'ன்னு என்ன இருக்கு. மோர் ரேடிகலி பரவால்ல. வாக்கியத்துல வைக்கிற எடம் ரெண்டு, வினைக்கு முன்னாடி வைக்கலாம், "இட் ஹேஸ் ரேடிகலி சேஞ்ச்டு த மார்க்கெட்". இல்ல கடைசில வைக்கலாம், "த மார்க்கெட் ஹேஸ் சேஞ்ச்டு ரேடிகலி". வினைக்கும் அது தாக்குற பொருளுக்கும் நடுவுல சொருகாதீங்க, "சேஞ்ச்டு ரேடிகலி த மார்க்கெட்"னு, நம்மாளுங்க எர்ரர் ஸ்பாட்டிங்ல கோட்டை விடுற எடம் அது.

ஸ்பெல்லிங் ஆர்-ஏ-டி-ஐ-சி-ஏ-எல்-எல்-ஒய், ரெண்டு எல். ரேடிகல்ல ஒரு எல் ஏற்கெனவே இருக்கு, பின்னாடி எல்-ஒய் சேருது, அவ்ளோதான். டிராஸ்டிக்ல ஏ-எல் இல்ல, ஆனாலும் டிராஸ்டிகலில வரும், ஐ-சில முடியுற பெயரடைங்க பொதுவா ஏ-எல்-எல்-ஒய் வாங்கிக்கும். பப்ளிக் மட்டும் அடம் பிடிச்சுக்கிட்டு வெறும் எல்-ஒய் வாங்கும். சொல்லும்போது அந்த ஏ காணாமப் போயிரும், ரே-டி-க-லின்னு நாலு தட்டு தட்டாதீங்க, ரே-டிக்-லி, மூணே தட்டு, அழுத்தம் முதல்ல. டிராஸ்டிகலியும் அப்படித்தான், டிராஸ்-டிக்-லி.

இப்ப உங்க பெட்ரோல். வெல ஏறுனது அளவு சம்பந்தப்பட்டது, லிட்டருக்கு இவ்ளோலேர்ந்து இவ்ளோ. வெலைக்கு வேர் கெடையாது, அதனால ரேடிகலி அங்க நிக்காது, சார் அடிச்சது ஞாயம். டிராஸ்டிகலி நிக்கும், யாரும் கொற சொல்ல மாட்டாங்க, ஆனா அது பெரும்பாலும் எறங்குறதோட கூட்டாளின்னு சொன்னேன்ல, வெல ஏறுறதுக்கு ஷார்ப்லி, ஸ்டீப்லி இதுங்கதான் இங்கிலீஷ் பேப்பர்ல தெனம் வர்றது. ரேடிகலி போட்டே ஆகணும்னு ஆசையா இருந்தா வாக்கியத்த மாத்துங்க: 2017 ஜூன் 16-லேர்ந்து நாடு பூரா பெட்ரோல் வெலைய பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவ மாத்துறத விட்டுட்டு தெனமும் மாத்த ஆரம்பிச்சாங்கல்ல, அந்த வெல வைக்கிற முறை ரேடிகலி மாறிச்சுன்னு எழுதுங்க. அதுக்கும் அரை மார்க் கொறச்சார்னா நோட்ட எடுத்துக்கிட்டு சார்ட்ட நேராப் போயிருங்க.